துணைவினை: நான்கு கேள்வி, நான்கு பதில்

ஓசூர் வாசகர்: சார், எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். 'வந்துவிட்டான்' என்பதில் 'விடு' துணைவினை, அதாவது முதன்மை வினைக்குப் பின்னால் ஒட்டி அதன் பொருளைக் கூட்டும் வினை. இது மூன்றிலும் ஒரே அமைப்புதானா?

கன்னடம் நம்மோடு வரும்: 'பந்துபிட்ட'. அந்தப் 'பிடு' நம் 'விடு'தான். தெலுங்கு வேறு வழி. 'வச்சேசாடு' என்பது வச்சி + வேசாடு. 'வேயு' என்றால் போடு. கொங்குப் பக்கம் 'தின்னுபோட்டு வா' என்பார்களே, அதே போக்கு. உருதுக்காரர் 'ஆ கயா' என்பார்: வா, போ. வினை வேறு, முடிந்தது என்று முத்திரை குத்தும் வேலை ஒன்று.

பாலக்கோடு வாசகி: 'வந்துவிட்டான்' என்பதன் எதிர்மறை 'வந்துவிடவில்லை' தானே?

இல்லைம்மா. பிறமொழிக்காரர் தமிழ் பேசும்போது அதிகம் சறுக்கும் இடம் இது. 'வந்துவிட்டானா?' என்று கேட்டால் பதில் 'இன்னும் வரவில்லை'. விடு கழன்றுவிடும். நடக்காத செயலுக்கு முடிவு முத்திரை எதற்கு? இந்தியிலும் 'ஆ கயா' மறுக்கப்பட்டால் 'நஹீ ஆயா' ஆகிவிடும். 'குடி முழுகிவிடவில்லை' என்கிறோமே என்பீர்கள். அது எதிராளியின் பயத்தை மறுப்பது. அது போன்ற இடத்தில் விடு நிற்கும்.

தருமபுரி ஆசிரியர்: 'எழுதிப்பார்த்தான்' போன்றவற்றில் துணைவினையைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். 'கடிதத்தை எழுதி, அதைப் பார்த்தான்' என்றால் இரண்டு செயல், பிரிக்கலாம். முயன்றான் என்ற பொருளில் நடுவே இப்படித் தனிச்சொல் நுழையாது. சேர்த்து 'எழுதிப்பார்த்தான்' என எழுதுவதே என் கட்சி. அச்சில் இரண்டும் நடமாடுகின்றன, அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாணவர்: ஜப்பானிய மொழி படிக்கிறேன். தமிழை வைத்தே ஒப்பேற்றலாமா சார்?

பெரும்பாலும். 'தாபேதே மிரு' சாப்பிட்டுப்பார், 'காத்தே ஓகு' வாங்கிவை. 'தாபேதே ஷிமத்தா' தின்றுவிட்டேன். சமயத்தில் 'அடடா' என்ற வருத்தமும் அதில் ஒட்டியிருக்கும். ஒரு பள்ளம் உண்டு. 'கதவைத் திறந்துபார்த்தேன், திறக்கவில்லை' என்று நாம் சொல்லலாம். அங்கே 'மிரு' போட்டால் செயல் நடந்து, விளைவைப் பார்த்ததாகும். முயற்சி தோற்றது என்றால் 'அகேயோ தோ ஷிதா', அதாவது திறக்க முயன்றேன், என்று சொல்லுங்கள்.

ஜப்பானியத்தில் துணைவினைகளை அடுக்கும் வரிசையும் நமக்குப் பழகியதே. 'செய்துகொண்டிருந்திருக்க வேண்டும்' என்பதை ஆங்கிலம் 'மஸ்ட் ஹேவ் பீன் டூயிங்' என்று தலைகீழாக நிறுத்தும். ஜப்பானியமோ நம்மைப் போல முதன்மை வினையை முன்னால் வைத்து, துணைகளைப் பின்னால் கோக்கும்.