காட்டோர நிலத்தில் தானாக வளர்ந்த இளங்காட்டை வெட்டலாமா?

கேள்வி: வெப்பமண்டல மழைக்காட்டை ஒட்டி எனக்கு 4 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதில் 2 ஹெக்டேரில் தொடர்ந்து மக்காச்சோளம் பயிரிடுகிறேன். விளைச்சல் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. மீதி 2 ஹெக்டேரை 15 ஆண்டுகளாகத் தரிசாகப் போட்டுவிட்டதால் மரங்கள் தாமாகவே முளைத்து இளங்காடாக வளர்ந்துவிட்டன. அதை வெட்டி எரித்து மக்காச்சோளம் போடலாமா, அல்லது வெட்டிய இடத்தில் வேகமாக வளரும் ஒரே வகை மரத்தை நட்டுக் கார்பன் கிரெடிட் (மரங்கள் ஈர்க்கும் கரியமில வாயுவுக்குக் கிடைக்கும், விற்கத்தக்க சான்று) மூலம் வருமானம் பெறலாமா? நாலைந்து மாடுகளும் இருக்கின்றன. அவற்றை இப்போது அந்த இளங்காட்டில்தான் மேய விடுகிறேன். காலநிலைக்கு எது நல்லது, எனக்கு எது நல்லது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு வழிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். குறை பழைய வயலின் மண்ணில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் இளங்காட்டை அழித்துப் பயிரிட்டால், மூன்று நான்கு ஆண்டுகளில் ஒன்றுக்கு இரண்டாகச் சத்திழந்த வயல்கள்தான் உங்களிடம் இருக்கும்.

மழை மிகுந்த வெப்பமண்டலப் பகுதிகளின் மண் பெரும்பாலும் நெடுங்காலமாக மழைநீரில் சத்துகள் கரைந்தோடிப்போன, அமிலத்தன்மை கொண்ட செம்மண்ணாகவோ மஞ்சள் கலந்த செம்மண்ணாகவோ இருக்கும். அதன்மேல் மரங்கள் ஓங்கி நிற்பதைப் பார்த்து மண் வளமானது என்று எண்ணுவது இயல்புதான் என்றாலும், ஊட்டச்சத்துகளில் பெரும்பங்கு மரங்களின் உடலிலும், உதிர்ந்த சருகிலும், மேல்மண்ணின் சில அங்குலங்களிலுமே தங்கியிருக்கிறது. சருகு மக்க மக்க அதை வேர்கள் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால்தான் அந்தச் சுழற்சி நடக்கிறது. மரங்களை வெட்டி எரித்தால் கால்சியம், மக்னீசியம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவை சாம்பலாக மண்ணில் விழுந்து அமிலத்தைத் தணிக்கும். அதனால் முதல் பருவத்தில் விளைச்சல் கண்ணைப் பறிக்கும். ஆனால் தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதியும் கந்தகமும் எரியும்போதே வாயுவாகப் போய்விடுகின்றன, சாம்பலில் எஞ்சியவற்றில் கணிசமான பங்கை அடுத்தடுத்த மழைகள் அடித்துச் செல்கின்றன. இரண்டு மூன்று பருவங்களுக்குள் மண் பழைய நிலைக்கோ அதைவிடக் கீழோ இறங்கும். அதற்குள் தர்ப்பை போன்ற புற்களும் வேரூன்றிவிடும். வெட்டி எரித்துப் பயிரிடும் முறை அடிப்படையிலேயே தவறானது என்று நான் சொல்லவில்லை. ஓரிரு பருவம் பயிரிட்டபின் நிலத்தை நெடுங்காலம் ஓய்வாக விடுவதற்கு இடம் இருந்தவரையில் அது தாங்கியது. நிலத்தின் மீதான நெருக்கடி கூடி ஓய்வுக்காலம் சுருங்கியபின் தாங்கவில்லை.

இளங்காட்டின் கணக்கு இனி. லத்தீன் அமெரிக்க வெப்பமண்டலத்தில் தானாக மீண்டெழுந்த காடுகளை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டு வெளியான ஒரு விரிவான ஆய்வு, 20 ஆண்டு வயதில் ஹெக்டேருக்குச் சராசரியாக 122 டன் உலர்ந்த தாவரப் பொருள் தரைக்கு மேலே சேர்ந்திருப்பதாகக் கண்டது. அதிலுள்ள கரிமமாக (கார்பன்) பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன். மழை குறைந்த இடத்தில் அந்த 122 டன் வெறும் 20 டன்னாகவும், மழை மிகுந்த இடத்தில் 225 டன்னாகவும் இருந்தது என்பதையும் கவனியுங்கள். உங்கள் நிலத்துக்குச் சராசரியைப் பொருத்திப் பார்த்தால், 15 ஆண்டுகளில் ஹெக்டேருக்குச் சுமார் 45 டன் கரிமம். ஒரு டன் கரிமம் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு வெளியாகும். ஆக 2 ஹெக்டேரையும் முழுமையாக எரித்தால் ஏறத்தாழ 330 டன் கரியமில வாயு காற்றில் கலக்கும், அதோடு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் சிறிதளவு சேரும். இனிவரும் ஆண்டுகளில் அந்த மரங்கள் உறிஞ்சியிருக்கக்கூடியதும் நின்றுபோகும்.

உங்கள் மரங்களை நீங்களே அளந்தும் பார்க்கலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 20 சென்டிமீட்டர் விட்டமும் 15 மீட்டர் உயரமும் நடுத்தரக் கடினமும் கொண்ட ஒரு மரம், வெப்பமண்டல மரங்களுக்கான பொதுச் சூத்திரத்தின்படி தரைக்கு மேலே சுமார் 200 கிலோ உலர் எடை கொண்டது. அதில் கரிமம் 94 கிலோ, கரியமில வாயுக் கணக்கில் சுமார் 345 கிலோ. எந்த நிறுவனமாவது உங்களிடம் வந்து பேசும்போது இந்த எண்கள் கையில் இருப்பது நல்லது.

அதே ஆய்வின்படி, இத்தகைய இளங்காடு கரிமத்தை ஈர்க்கும் வேகம் முதிர்ந்த காட்டைவிட 11 மடங்கு அதிகம். இதைக் காட்டி முதிர்ந்த காட்டை வெட்டிப் புதிதாக நடலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குச் செவிகொடுக்க வேண்டாம். முதிர்ந்த காடு பெரும் சேமிப்பை ஏற்கெனவே தாங்கி நிற்கிறது, அதை இழந்தால் மீட்க ஒரு மனித ஆயுள் போதாது. மீண்டெழும் காட்டில் மண்வளம் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே திரும்பிவிடலாம், ஆனால் முதிர்ந்த காட்டுக்கு நிகரான தாவர எடையும் மரவகைகளின் சேர்க்கையும் வர 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2021-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

ஒரே வகை மரத் தோட்டம் காலநிலைக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது. தோட்ட மரங்கள் ஏழு முதல் பத்து ஆண்டுகளில் அறுவடையாகும். காகிதக்கூழாகவோ விறகாகவோ போனால் அவற்றில் சேர்ந்த கரிமத்தின் பெரும்பகுதி விரைவிலேயே காற்றுக்குத் திரும்பிவிடும். இயற்கையாக மீளவிட்ட காடு, நெடுங்காலக் கணக்கில், இத்தகைய தோட்டங்களைவிடச் சுமார் 40 மடங்கு கரிமத்தைச் சேமிக்கும் என்று 2019-ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரை கணக்கிட்டது. பணத்தைப் பொறுத்தவரையில் ஒரு விதி உங்களை நேரடியாகத் தடுக்கும். தன்னார்வக் கார்பன் சந்தையில் பரவலாகப் பயன்படும் வெர்ரா தரநிலையின்படி, முந்தைய 10 ஆண்டுகளுக்குள் இயற்கைத் தாவரத்தை அழித்த நிலத்தில் மரம் நடும் திட்டத்துக்குக் கிரெடிட் கிடையாது. காட்டை அழித்துவிட்டு மரம் நட்டதற்குக் கூலி கேட்பதைத் தடுக்கவே இந்த விதி. செயற்கைக்கோள் படங்கள் இருப்பதால் மறைக்கவும் முடியாது.

எனவே உழைப்பைப் பழைய வயலில் செலுத்துங்கள். முதல் வேலை மண் பரிசோதனை. அதில் கார அமில நிலையையும் (pH), கரையும் அலுமினியத்தின் அளவையும், மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்க இறங்க அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்கும். அந்த நிலையில் எவ்வளவு யூரியா இட்டாலும் மக்காச்சோளம் எடுத்துக்கொள்ளாது, வீணாகும் தழைச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறும். அந்த வாயுவின் வெப்பமூட்டும் திறன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு. பரிசோதனை முடிவுப்படி விவசாயச் சுண்ணாம்பையோ டோலமைட்டையோ இடுங்கள். சுண்ணாம்பும் மண்ணில் வினைபுரியும்போது கொஞ்சம் கரியமில வாயுவை வெளியிடும்தான், ஆனால் இளங்காட்டை எரிப்பதோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதன்று. மணிச்சத்தை வயல் முழுதும் தூவாமல் விதை வரிசையை ஒட்டி இடுங்கள், ஏனெனில் இந்த வகைச் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தழைச்சத்துக்கு மரங்களையே பயன்படுத்தலாம். தழையுரத்துக்கு வளர்க்கப்படும் கிளைரிசிடியா மரத்தை 4 முதல் 6 மீட்டர் இடைவெளி விட்ட வரிசைகளாக, வரிசைக்குள் அரை மீட்டருக்கு ஒன்றாக நட்டு, நிலம் சரிவாக இருந்தால் வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, விதைப்புக்கு முன் ஒருமுறையும் பயிர்க்காலத்தில் மறுமுறையும் இடுப்பளவுக்குக் கீழே கவாத்து செய்து, வெட்டிய தழையை வயலிலேயே மூடாக்காகப் பரப்புங்கள். உலர்ந்த தழையில் 3 முதல் 4 சதவீதம் தழைச்சத்து உண்டு. ஹெக்டேருக்கு 5 டன் உலர் தழை கிடைத்தால் 150 முதல் 200 கிலோ தழைச்சத்து மண்ணுக்குச் செல்லும். இதைக் கேட்டு உரத்தை உடனே நிறுத்திவிட வேண்டாம். அதில் சிறு பங்கைத்தான் அந்தப் பருவத்துப் பயிர் எடுக்கும், மீதி மெல்ல மெல்ல மண்ணின் கரிமப்பொருளோடு சேரும். மேலும், தழை மணிச்சத்தைப் புதிதாக உண்டாக்காது, இருப்பதைத்தான் சுழற்றும். மரங்கள் நிலைத்து நிற்க ஒன்றரை ஆண்டாவது ஆகும். முதல் ஆண்டில் வேலை கூடுதல், பலன் குறைவு என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். பெரும்பாலோர் அந்த ஆண்டில்தான் கைவிடுகிறார்கள்.

கவாத்துக்குப் போதிய ஆள்பலம் இல்லையென்றால், மக்காச்சோளம் விதைத்த 40 முதல் 60 நாட்களுக்குள் இடைவெளியில் பூனைக்காலி என்ற பயறுவகைக் கொடியை விதைப்பது எளிய மாற்று. அறுவடைக்குப் பின் அது நிலத்தை அடர்த்தியாக மூடிக் களையை அமுக்கும். பிறகு எரிக்காமல், உழாமல், வெட்டி வீழ்த்திய மூடாக்கின் ஊடே அடுத்த விதைப்பைச் செய்யலாம். சுணையில்லாத ரகத்தை மட்டும் வாங்குங்கள், அதன் விதைகளைப் பதப்படுத்தாமல் யாரும் உண்ணக் கூடாது.

மாடுகளை இளங்காட்டிலிருந்து வெளியேற்றியே ஆக வேண்டும். அவை நாற்றுகளை மேய்ந்தும் மண்ணை மிதித்து இறுக்கியும் அடுத்த தலைமுறை மரங்களை எழவிடாமல் செய்யும். மேலே பசுமை தெரிந்தாலும் அடியில் காடு முதிராது. பழைய வயலின் ஓரத்தில் சிறு பகுதியை ஒதுக்கி, சூபாபுல் என்ற தீவன மரத்தையும் தீவனப்புல்லையும் நெருக்கமாக நட்டு வெட்டிப் போடுங்கள். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அது மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சினைமாட்டுக்கு இன்னும் குறைவாகவே கொடுங்கள். தரமான தீவனம் உண்ணும் மாடு, ஒரு லிட்டர் பாலுக்கு வெளியிடும் மீத்தேனும் குறைவு.

உங்கள் 2 ஹெக்டேர் இளங்காடு தனியாக மழையைக் கொண்டுவரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றிலும் உள்ள காட்டோடு சேர்ந்து அதற்கும் ஒரு பங்கு உண்டு. வெப்பமண்டல நிலப்பரப்பின் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட இடங்களில், அடர்ந்த தாவரங்களின் மேல் கடந்து வந்த காற்று, தாவரம் குறைந்த நிலத்தின் மேல் வந்த காற்றைவிடக் குறைந்தது இரு மடங்கு மழையைத் தருகிறது என்று 2012-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மானாவாரிப் பயிர் செய்யும் உங்களைப் போன்றவர்களுக்குக் கரிமக் கணக்கைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து.

கார்பன் வருமானத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். காடழிப்பைக் குறைக்கும் நாடுகளுக்கு ஈடு தரும் யோசனையை 2005-ஆம் ஆண்டு மான்ட்ரியல் காலநிலை மாநாட்டில் பப்புவா நியூகினியும் கோஸ்டாரிகாவும் முன்வைத்தன. அதிலிருந்து வளர்ந்த ரெட் பிளஸ் திட்டம் 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றது. அது பெரும்பாலும் அரசுகளின் அளவிலும் பெரிய திட்டங்களின் அளவிலும் நடக்கிறது. 2 ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அளவீட்டுச் செலவும் தணிக்கைச் செலவுமே வருமானத்தை விழுங்கிவிடும். அருகிலுள்ள விவசாயிகளோடு குழுவாகச் சேர்ந்தால்தான் பொருளுண்டு. அப்போதும் கையெழுத்திடுமுன், எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டுப்படுகிறீர்கள், தீயிலோ புயலிலோ மரங்கள் போனால் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, அளவீட்டுச் செலவு யாருடையது, நிலத்தை விற்றால் ஒப்பந்தம் என்னவாகும் என்பனவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோஸ்டாரிகா 1996-ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின் மூலம் காட்டைக் காக்கும் நிலவுடைமையாளர்களுக்கு அரசே பணம் தரும் ஏற்பாட்டைச் செய்தது. உங்கள் அரசிடம் அப்படியொரு திட்டம் இருந்தால் அதையே முதலில் நாடுங்கள், சந்தையைப் பிறகு பார்க்கலாம்.

இளங்காட்டின் சட்ட நிலையையும் வருவாய், வனத்துறை அலுவலகங்களில் இப்போதே கேட்டறியுங்கள். சில நாடுகளில் மரங்கள் குறிப்பிட்ட அடர்த்தியை எட்டினால் தனியார் நிலமும் காடாகக் கருதப்பட்டு வெட்டும் உரிமை போய்விடும். அந்த அச்சத்தாலேயே பல விவசாயிகள் தரிசில் மரம் எழுமுன் வெட்டிவிடுகிறார்கள், காட்டைக் காக்க எழுதிய விதி இப்படி எதிராகவும் வேலை செய்கிறது. பின்னாளில் இளங்காட்டின் நிழலில் காப்பியோ கோகோவோ நட எண்ணினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறை, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை விளைநிலமாக்கிய இடத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மாட்டிறைச்சி, மரம் ஆகியவற்றை அங்கே விற்கத் தடை விதிக்கிறது. அதைச் செயற்படுத்தும் நாள் தள்ளிப்போடப்பட்டிருந்தாலும், வாங்குபவர்கள் நிலத்தின் இருப்பிடக் குறியீட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இளங்காட்டுக்குள் பயிர் புகுந்தால் அது காட்டழிப்பாகக் கணக்கிடப்படுமா என்பதை விளைபொருளை வாங்குபவரிடம் கேட்டபின்பே நடுங்கள்.

வயலில் விளைச்சல் கூடியபின், லாபம் வருகிறதே என்று பயிரை இளங்காட்டுக்குள் விரிக்கும் ஆசையும் வரும். பல காட்டோரப் பகுதிகளில் அப்படி நடந்திருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான எல்லையை இப்போதே வேலிமரங்களால் குறித்துவிடுங்கள், கிளைரிசிடியாக் கிளையை வெட்டி நட்டாலே போதும். கோடை தொடங்குமுன் அந்த எல்லையை ஒட்டி வயல் பக்கத்தில் 5 மீட்டர் அகலத்துக்குச் சருகையும் காய்ந்த புல்லையும் நீக்கித் தீத்தடுப்புப் பட்டை அமையுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது வயலை எரிப்பதாக இருந்தால் நாளை முன்கூட்டியே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள், எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடல் வெப்பமடைவதால் பல வெப்பமண்டலப் பகுதிகளில் வறட்சி கூடும் ஆண்டில்) எரிப்பதையே தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.