சாக்ரடீஸ் பட்ட சேவல் கடன்

கேள்வி: கல்லூரியில் தத்துவம் படிக்கிறாள் என் மகள். “சாக்ரடீஸ் கடவுள் இல்லை என்றார், அதனால்தான் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். யோசிக்கிறவர்களுக்கும் பூஜைக்கும் ஒத்தே வராது” என்கிறாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. கிரேக்கர் கதை நிஜமாகவே இப்படித்தானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாதி சரி அம்மா. கி.மு. 399இல் ஏதென்ஸில் விஷம் கொடுத்தது உண்மை. ஆனால் கடவுள் இல்லை என்று அவர் சொன்னதாக அவருடைய மாணவர்கள் பிளேட்டோவும் எழுதவில்லை, ஸெனஃபோனும் எழுதவில்லை. ஊர் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பதுதான் வழக்கு. சாக்ரடீஸின் குறுக்குக் கேள்வியில், “இவர் எந்தக் கடவுளையும் நம்பாதவர்” என்று சொல்லி வழக்குப் போட்ட மெலீட்டஸ் மாட்டிக்கொள்கிறார். புதுத் தெய்வம் கொண்டுவருகிறவன் எப்படியப்பா நாத்திகன் ஆவான்? சூரியனைக் கல் என்றவர் தத்துவஞானி அனக்சகோரஸ், அந்தப் புத்தகம் ஒரு டிராக்மா காசுக்குக் கிடைக்கிறதே என்று சாக்ரடீஸ் மெலீட்டஸை வாரிவிடுகிறார்.

கிரேக்கர்களுக்கு வேதம் என்று ஒரு நூல் கிடையாது. பலி, ஊர்வலம், திருவிழா இவற்றைச் செய்வதுதான் அவர்கள் சமயம். அதனால் பேச்சுக்கு நிறையவே இடம் இருந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் தங்கள் உருவத்திலேயே கடவுளை வரையும் என்று ஸெனோஃபனீஸ் என்ற தத்துவஞானி முந்தைய தலைமுறைகளிலேயே கிண்டலடித்துவிட்டார். அவரும் நாத்திகர் இல்லை, ஒரு பெருந்தெய்வம் உண்டு என்றவர்.

புதுத் தெய்வம் என்பதும் ஏதென்ஸுக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. பெண்டிஸ் என்ற திரேஸ் நாட்டுத் தேவிக்கு ஊரே அனுமதி கொடுத்து பிரேயஸ் துறைமுகத்தில் விழா எடுத்தது. அந்த முதல் விழாவுக்குச் சாமி கும்பிடப் போன இடத்தில்தான் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூல் தொடங்குகிறது. போனவர் யார் தெரியுமா? சாக்ரடீஸேதான்!

பிறகு எங்கே இடித்தது? தப்பான காரியத்தில் இறங்கப்போனால் தடுக்கிற ஒரு குரல் தனக்குள் கேட்பதாக அவர் சொல்லிவந்தார். அந்தக் குரலுக்குப் பலிபீடம் இல்லை, பூசாரி இல்லை, ஊர் கூடி அனுமதி கொடுக்கவும் வழியில்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் கேட்கிற சாமி. பயம் அங்கேதான் என்பது என் கணிப்பு. காலமும் சரியில்லை. கி.மு. 404இல் எதிரி நகரமான ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸுக்குத் தோல்வி, உடனே முப்பது பேரின் கொடுங்கோல் ஆட்சி. அதில் முன்னால் நின்ற கிரிட்டியாஸ் ஒருகாலத்தில் இவரோடு பழகியவர். அப்படியும் சுமார் 500 நடுவர்களில் 30 பேர் மாறி வாக்களித்திருந்தால் விடுதலை ஆகியிருப்பார்.

அப்புறம் ஒன்று. தீர்ப்பு வந்தும் உடனே தண்டனையை நிறைவேற்றவில்லை. டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை ஊரில் உயிர் எடுக்கக்கூடாது என்பது மரபு. விஷம் குடித்தபின் அவர் கடைசியாகச் சொன்னதாக பிளேட்டோ எழுதுவது: “கிரிட்டோ, அஸ்கிளீப்பியஸுக்கு ஒரு சேவல் கடன், மறக்காமல் கொடுத்துவிடு.” கிரிட்டோ அவர் நண்பர், அஸ்கிளீப்பியஸ் நோய் தீர்க்கும் தெய்வம். நம் பாஷையில், நேர்த்திக்கடன்! இதன் பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

மகளைக் கோயிலுக்கு வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். பிளேட்டோவின் ‘யூத்திஃப்ரோ’வைப் படிக்கச் சொல்லுங்கள், சின்ன நூல்தான். தெய்வம் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால்தான் தெய்வம் அதை விரும்புகிறதா என்று அதில் வரும் கேள்வியை ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் போடுங்கள். சாப்பாடு ஆறிவிடும், பரவாயில்லை.