ஏதென்ஸின் குரல் இஸ்தான்புலில்: கேள்வி பதில்

கே: முதல் கிரேக்கப் பேசும் படம் எது?

எதில் முதல் என்று சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்வது 1932இல் வந்த 'இடைச்சியின் காதலன்'. முழுக்கக் கிரேக்க மண்ணிலேயே எடுத்த பேசும் படம் வேண்டுமென்றால் கிரேக்கப் படத் தயாரிப்பாளர் ஃபினோஸின் 'பிரிவின் பாட்டு' வரை, அதாவது 1939-40 வரை, பொறுத்திருக்க வேண்டும்.

கே: 1933இன் கிரேக்கப் படமான 'தீய வழி'யைத் துருக்கியில் எடுத்தார்களாமே? பகை நாடாயிற்றே!

நல்ல கேள்வி. 1922இல் ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம்) எரிந்தது. மறு ஆண்டு இரு நாடுகளுக்கும் இடையே மக்கள் பரிமாற்றம். பத்து லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டுக் கிரேக்கத்துக்குப் போனார்கள். ஆறாத புண்தான். ஆனால் 1930இல் கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸே அங்காரா போய் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது காரணம் கருவி. ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றலாம், கை சற்றுத் தளர்ந்தாலும் பாதகமில்லை. பேசும் படத்தில் வேகம் இம்மி மாறினால் கதாநாயகியின் குரல் கட்டைக் குரலாகிவிடும். அதற்கேற்ற ஸ்டுடியோ இஸ்தான்புலில் இபெக் ஃபிலிம்காரர்களிடம் இருந்தது. கிரேக்க எழுத்தாளர் செனோபூலோஸின் நாவலை எடுத்துக்கொண்டு, துருக்கிய இயக்குநர் முஹ்சின் எர்துருல் கிரேக்க மொழியில் படமாக்கினார். அதில் நடித்த கிவேலி பிறந்ததே ஸ்மிர்னாவில்தான்!

கே: இயக்குநர் ஆங்கெலோபூலோஸ் பற்றி?

அவர் பிறந்தது 1935இல். வேறொரு நாள் பேசுவோம்.

கே: கிவேலிக்கு முன்னால் கோட்டோபூலியெல்லாம் ஒரு நடிகையா?

ஆரம்பிச்சாச்சா! ஏதென்ஸ்காரர்களே இதற்காக இரண்டுபட்டவர்கள்தான். மரீகா கோட்டோபூலி அரசர் பக்கம், கிவேலி வெனிசெலோஸ் பக்கம். யாருடைய நாடகத்துக்குப் போகிறீர்கள் என்பதை வைத்தே உங்கள் கட்சியைச் சொல்லிவிடலாம். அந்த இருவரையும் ஒரே படத்தில் சேர்த்ததுதான் 'தீய வழி'யின் பெரிய கவர்ச்சி. கதைக்காக வந்த கூட்டத்தைவிட, யார் யாரை அமுக்குகிறார் என்று பார்க்க வந்த கூட்டமே அதிகமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நான் கோட்டோபூலி கட்சி. வாதத்துக்கு வராதீர்கள்.

கே: சரி, 'இடைச்சியின் காதலன்'தானே முதல் படம்?

முதல் 'பேசும்' படம். கதைப்படத்தில் முதல், 1915இன் 'கோல்ஃபோ'. அதுவும் இடைச்சி கதைதான். 'முதல்' என்ற சொல்லை அடைமொழி இல்லாமல் நம்பாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

கே: பாடகி சோஃபியா வெம்போ நடித்த 'அகதிப் பெண்'?

1938. இயக்கியவர் டோகோ மிஸ்ராஹி, எடுத்தது எகிப்தில். காரணம் அதேதான்: ஸ்டுடியோ.

கே: ஐயா, முதல் கிரேக்கப் படம் எது?

எதில்?