நீ எப்பம்மா அம்மாவா இருப்ப?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களின் கேள்விகளுக்கு, கொடைக்கானல் மலையில் பெருமாள்மலை காபித் தோட்ட வீட்டில் தன் மூன்று பிள்ளைகளையும் பத்தாம் வகுப்பு வரை தானே படிக்க வைத்த ஒரு தாய் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஒரே மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக வீட்டில்தான் படிப்பு. காலையில் ஜெபம், மனன வசனம், அப்புறம் கணக்கு, தமிழ், இங்கிலீஷ். டிக்டேஷனுக்கும் பைபிளிலுள்ள சங்கீதப் புத்தகத்தையே கொடுக்கிறேன். தப்பு வந்தால் ஐந்து முறை எழுத வேண்டும். கொஞ்ச நாளாக இரவுக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். போன வாரம், "டீச்சரும் நீதான், சண்டே ஸ்கூல் மிஸ்ஸும் நீதான், நீ எப்பம்மா அம்மாவா இருப்ப?" என்று கேட்டுவிட்டாள். அழுதுவிட்டேன். விசுவாசத்தை விட்டு விலகுகிறாளோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், பண்ணைக்காடு

பதில்: சகோதரி, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை களைத்துப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. அழுது ஆற்றிக்கொண்டு விட்டுவிடாதீர்கள், பதில் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போகிற பிள்ளை சாயங்காலம் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, "இன்னைக்கு மிஸ் திட்டிட்டாங்க" என்று அம்மாவிடம் முறையிடும். உங்கள் மகள் யாரிடம் போய் முறையிடுவாள்? திட்டிய மிஸ்ஸே அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார்.

அதனால் பாட நேரத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு முடிவு வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. அதன்மேல் நீல ரெக்சின் விரிப்பு ஒன்று போடுவேன். அது விரித்திருக்கும்வரை நான் டீச்சர். மதியம் சோறு வடித்ததும் விரிப்பைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவோம். அதற்கப்புறம் நான் வாய்ப்பாடு கேட்டால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. இந்தச் சட்டத்தை எங்கள் சின்னவன் என்னைவிடக் கறாராகக் கடைப்பிடித்தான். "விரிப்பைச் சுருட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிவிடுவான்.

அடுத்தது அந்த டிக்டேஷன். நாளைக்கே நிறுத்துங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பதில் ஒற்று விட்டதற்காக ஐந்து முறை எழுதிய பிள்ளைக்கு, பெரியவளாகி ஏதோ ஒரு கஷ்டத்தில் அந்த வசனம் ஞாபகம் வரும்போது கூடவே உங்கள் சிவப்புப் பேனாவும் ஞாபகம் வரும். எழுத்துப் பிழை திருத்த உலகத்தில் வேறு வாக்கியமா இல்லை? விதை பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக் கொடுங்கள், பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புப் பலகையைக் கொடுங்கள். சங்கீதத்தை மட்டும் மார்க் போடாமல் விட்டுவையுங்கள்.

ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் எல்லாம் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைத்தான் காட்டும். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கே, எப்போது என்றும் அங்கேயே இருக்கிறதே: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழுந்திருக்கிறபோது. நோட்டுப் புத்தகத்தை நீட்டுகிறபோது என்று மோசே சொல்லவில்லை.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இருவரையும் பெற்றவர். 300 வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் எப்வொர்த் குருமனையில் தினமும் காலை மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அவருடைய கண்டிப்பு எனக்குச் சரிப்படாது. பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் உடைக்க வேண்டும், அடி வாங்கினாலும் சத்தமில்லாமல் அழப் பழக்க வேண்டும் என்று எழுதிய அம்மா அவர். ஆனால் ஒரு காரியம் செய்தார் பாருங்கள். வாரத்தின் மாலைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டு, அந்தந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்ச நேரத்தைத் தனக்காக ஒதுக்கும்படி அம்மாவுக்குக் கடிதம் போட்டார் அவர். ஆறு மணி நேரப் பாடத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. உங்களுக்கு ஒரே மகள். வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரவு ஜெபத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் தடுமாறினாலும் பரவாயில்லை, பகல் முழுக்கக் கேட்ட குரல் இல்லாமல் இருந்தாலே போதும். ஒரு பாட்டு, சின்னதாக ஒரு வேதபகுதி, ஜெபம். பத்து நிமிஷம் தாண்ட வேண்டாம். ஜெபிக்க விருப்பமில்லாத அன்றைக்குப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும். பாட்டை அவள் தேர்ந்தெடுக்கட்டும், ஒரே பாட்டை மாதம் முழுக்கத் தேர்ந்தெடுத்தாலும் சரி. (எங்கள் வீட்டில் ஜூலையில் கிறிஸ்மஸ் பாட்டு ஓடியிருக்கிறது.)

இன்னொன்று. பிள்ளைக்காகவே செய்கிற ஜெபம் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைப் புரட்டிப் போட்டதே, அப்போது எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் பழம் பிடித்திருந்த காபிச் செடிகள்மேல் வரிசையாகச் சாய்ந்தன. ரோடு அடைபட்டது, கரண்ட் கிடையாது. அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர், விழுந்த ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்கு உங்கமேல கோபமா இருக்கு. என்ன செய்யறதுன்னும் தெரியல" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் அரிவாளோடு போன மூத்தவன் நின்று கேட்டிருக்கிறான். "அப்பா, ஆண்டவர்கிட்ட கோபப்படலாமா?" என்று கேட்டானாம். "சங்கீதத்தை எடுத்துப் பாரு, பாதி அதுதான்" என்று சொல்லிவிட்டு இருவரும் கிளை வெட்டப் போனார்கள். நான் அவனுக்கு வருடக்கணக்கில் நடத்திய வேதபாடங்களில் எதுவும் அவன் பேச்சில் வருவதில்லை. இதை மட்டும் இன்றைக்கும் சொல்லுவான்.

கேள்வி: மகனை வீட்டில் படிக்க வைப்பது சட்டப்படி குற்றம், போலீஸ் வரும் என்று மாமனார் மிரட்டுகிறார். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டுக்கு என்ன வழி?
— ஒரு தகப்பன், தாண்டிக்குடி

பதில்: ஐயா, போலீஸ் வராது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக் கல்வியை அனுமதிப்பதாகவும் இல்லை, தடுப்பதாகவும் இல்லை, பெயரே வராது. மாமனாரின் கவலையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, எடுத்தெறிந்து பேசாதீர்கள்.

சர்டிபிகேட்டுக்கு, என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசுடையது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதித் தேறலாம். எங்கள் மகள் கணக்கை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போய் எழுதினாள். எட்டாம் வகுப்புச் சான்று வேண்டுமானால் தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வு நடத்துகிறது, அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் அலைகிறவர்கள் நம்மில் அதிகம்.

கேள்வி: மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அதுகூடப் பரவாயில்லை. சண்டே ஸ்கூலுக்கும் அனுப்புவதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் சேர விடுவதில்லை. தீபாவளிப் பலகாரம் வந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். "பிள்ளைகளை உலகத்துக்கு விலக்கிக் காக்கிறோம்" என்கிறான் மகன். எனக்கு மனசு கேட்கவில்லை.
— ஒரு பாட்டி, கொடைக்கானல்

பதில்: அம்மா, எனக்கும் கேட்கவில்லை. பலகாரத் தட்டைத் திருப்பி அனுப்பிய வீட்டுப் பிள்ளைக்கு, அயலானை நேசி என்று எந்த வாயால் சொல்லிக் கொடுப்பது?

நம் மலையில் எந்தத் தெருவிலும் ஒரே சாதி, ஒரே சாமி என்று இருக்கிறதா? பூம்பாறை குழந்தை வேலப்பர் தேருக்குப் போகிறவரும், லா சலேத் மாதா கோவிலுக்குப் போகிறவரும், நம் சபைக்கு வருகிறவரும் ஒரே ஜீப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துதான் வீடு வந்து சேர்கிறார்கள். டிசம்பரில் கல்கல்லும் அச்சு முறுக்கும் தட்டில் வைத்துத் துணி மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவேன். "நீங்க ஏன் கிறிஸ்மஸ் கொண்டாடறீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள் என்று சொல்லிக்கொண்டு என் மகள் ஒருநாள் திரும்பி வந்தாள். அவள் சொன்ன பதில் சுமார்தான். ஆனால் தன் விசுவாசத்தைத் தன் சொந்த வார்த்தையில் அவள் முதன்முதலில் சொன்னது அந்த வாசற்படியில்தான். நான் கேட்டிருந்தால் மனப்பாட வசனத்தை ஒப்பித்திருப்பாள்.

மகனோடு வாக்குவாதம் வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேரப்பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் கேளுங்கள். ஓய்வுநாளில் சந்தையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கொடைக்கானலில் சந்தை கூடுவதே ஞாயிற்றுக்கிழமைதான், என்ன செய்ய! மலைப்பூண்டுக்கு விலை கேட்கட்டும், கேரட் விற்கிற பாட்டிக்கு மீதிச் சில்லறை சரியா என்று கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். பாட்டி கூப்பிட்டால் மகன் அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன், "பாறைக்குக் கோடிக்கணக்கான வயசுன்னு புக்ல இருக்கு, பைபிள்ல ஆறு நாள்னு இருக்கே" என்கிறான். அந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?
— வாசகி, பெரியகுளம்

பதில்: விடாதீர்கள். நாளைக்குத் தேர்வுத் தாளில் வரும், அதைவிட முக்கியம், அம்மா மறைத்தாள் என்று பிள்ளைக்குத் தெரியவரும். ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது என்பதில் கர்த்தரை நேசிக்கிறவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அதை அப்படியே அவனிடம் சொல்லுங்கள், பன்னிரண்டு வயதுக்கு அது தாங்கும். எனக்கு அந்த ஆறும் நம் காலண்டர் நாட்கள் அல்ல. என் வீட்டுக்காரருக்கு நாட்கள்தான். ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம்.

ஒருநாள் மலையேறி வந்து செண்பகனூருக்குக் கூட்டிப்போங்கள். 1895இல் இயேசு சபையார் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். அவர்கள் சேர்த்த உயிரினங்களுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. கொடைக்கானல் அடங்கிய பழனி மலைத்தொடரின் தாவரங்களைச் செடி செடியாகப் பதிவு செய்த கே.எம். மேத்யூவும் அதே சபைக் குருவானவர்தான். ஜெபம் செய்கிறவர் செடியின் இதழை எண்ணக்கூடாது என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. 2018இல் பூத்த குறிஞ்சி 2030இல் மறுபடி பூக்கும், அப்போது உங்கள் மகனுக்கு எத்தனை வயதிருக்கும் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் பாடப் புத்தகங்கள் வாங்கலாமா?
— வாசகர், வத்தலக்குண்டு

பதில்: ஒரு செட் எங்களுக்கும் யாரோ கொடுத்தார்கள். கணக்கில் டைம், நிக்கல் என்று அவர்கள் ஊர்ச் சில்லறை, இயற்கைப் பாடத்தில் பனி உருகியதும் வரும் ராபின் பறவை. இங்கே ஜன்னலில் கொண்டைக்குருவி கத்திக்கொண்டிருக்கிறது. கதைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மற்றதை அலமாரி மேலே போட்டுவிட்டேன். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம், அது போதும்.

கேள்வி: ஐந்து வருடம் வீட்டில் படித்த மகன், "ஸ்கூலுக்குப் போறேன்" என்கிறான். கர்த்தர் கொடுத்த அழைப்பை விடுவதாகிவிடுமோ?
— ஒரு தாய், மன்னவனூர்

பதில்: அனுப்புங்கள் சகோதரி. இந்த மலைக்கு 1845இல் வீடு கட்ட வந்த அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிப் பிரிந்திருக்க மனமில்லாத பெற்றோர்தான் 1901இல் கொடைக்கானலில் 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அவர்கள் அழைப்பு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அழைப்பு உங்களுக்கு வந்தது, பையனுக்கு வந்த ஆசையையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் மேலே சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழோடு போய் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். ஷூ மட்டும் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஐப்பசி மழையில் உங்கள் ஊரில் ஒரு ஜோடி காய இரண்டு நாளாவது ஆகும்.