தரகர் சொல்லும் ஏற்றுமதித் தடை: பட்டறை வெங்காயத்தை இப்போதே விற்கலாமா?

கேள்வி: பேரையூர் பக்கம் இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டேன். ஆடியில் வெட்டி, காயவைத்து, கெடாமல் இருக்கக் குவித்துப் பட்டறை போட்டுச் சேமித்திருக்கிறேன். ஒரு தரகர் வந்து, "மறுபடியும் ஏற்றுமதிக்குத் தடை வரப்போகுது, அப்புறம் கேக்க ஆளிருக்காது" என்று சொல்லி கிலோ 34 ரூபாய்க்குக் கேட்கிறார். மதுரை கீழமாரட் வீதி மண்டியில் 45 போகிறது. தடையெல்லாம் நாசிக் பெரிய வெங்காயத்துக்குத்தானே? நான் விற்கட்டுமா, வைத்திருக்கட்டுமா?

பதில்: பாதிக்குக் குறையாமல் இப்போதே விற்றுவிடுங்கள். ஆனால் 34-க்கு அல்ல.

முதலில் தரகரின் கணக்கைப் பார்ப்போம். மண்டியில் 45 என்றால் அது உங்கள் கைக்கு வரும் காசு இல்லை. கமிஷன், சாக்கு, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் போக கிலோவுக்கு 39 ரூபாய் போல நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 34 கேட்கிறார். இடையில் இருக்கும் ஐந்து ரூபாய்தான் உங்கள் பயத்துக்கு அவர் போட்டிருக்கும் விலை. அந்தப் பயத்தில் உண்மை எவ்வளவு என்று பார்த்தால் பேரம் பேச வசதியாக இருக்கும்.

உண்மை இல்லாமல் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் வெங்காயத்துக்குக் கட்டுப்பாடு வந்த தேதிகளைக் கவனியுங்கள். 2019-ல் செப்டம்பர் 13 அன்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை (அதற்குக் கீழே விலை போட்டு வெளியே அனுப்பக்கூடாது), 29 அன்று முழுத் தடை. 2020-ல் செப்டம்பர் 14 அன்று தடை. 2023-ல் ஆகஸ்ட் 19 அன்று 40% ஏற்றுமதி வரி, அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை, டிசம்பர் 8 முதல் முழுத் தடை. எல்லாம் ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடையில்தான். காரணம், நாசிக் இருக்கும் மகாராஷ்டிரத்தில் கோடையில் எடுத்துச் சேமித்த ரபி வெங்காயம் அந்த மாதங்களில் தீர்ந்துகொண்டே வரும். மழைக்காலப் பயிரான கரீப் வெங்காயம் சந்தைக்கு வர ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடும். நடுவில் மழை கெடுத்தால் டெல்லியில் விலை ஏறும், விலை ஏறினால் உத்தரவு வரும். நீங்களோ சித்திரை, வைகாசியில் நட்டு ஆடியில் எடுத்து, பட்டறையில் இரண்டு மூன்று மாதம் வைத்து விற்கிறீர்கள். உங்கள் பட்டறைக் காலமும் டெல்லியின் உத்தரவுக் காலமும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. தரகருக்கு இது நன்றாகவே தெரியும்.

தடை நீங்குவதற்கு மட்டும் இப்படிப் பருவம் கிடையாது. 2023 டிசம்பரில் போட்ட தடை 2024 மே 4 அன்று, நாடாளுமன்றத் தேர்தல் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, நாசிக் வாக்களிக்க இரண்டு வாரம் இருக்கையில் எடுக்கப்பட்டது. தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதன்பிறகும் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40% வரியும் இருந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை போய் வரி 20% ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் இல்லை.

சரி, நாசிக்குக்குப் போட்ட உத்தரவு பேரையூரை எப்படித் தொடும்? சுங்கத்தில் உலகம் முழுக்க ஒரே எண் வரிசைதான். அதில் பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் சேர்ந்தே 0703 10 என்ற ஒரே பிரிவில் வருகின்றன. 'வெங்காயம்' என்று உத்தரவு போட்டால் தூத்துக்குடியில் நிற்கும் உங்கள் மூட்டையும் அதில் அடக்கம். விலக்கு தர வழியில்லாமல் இல்லை. 2023-ல் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு, கர்நாடகத் தோட்டக்கலை ஆணையரின் சான்று இருந்தால் வரி வேண்டாம் என்று விட்டார்கள். சின்ன வெங்காயத்துக்கும் அப்படித் தரவேண்டும் என்று நம் பக்கத்து விவசாயிகள் கேட்பது முழுக்க நியாயம். உத்தரவு உங்களைத் தொடும் இரண்டாவது வழி, உங்கள் சரக்கு ஏற்றுமதிக்கே போகாவிட்டாலும் வருவது. வெளியே போகவேண்டிய பெரிய வெங்காயம் உள்ளூரிலேயே தேங்கி விலை இறங்கினால், ஓட்டல்காரர் சாம்பாருக்கும் அதையே நறுக்கிப் போட்டுவிடுவார்.

இனி இந்த மூன்று கட்டுப்பாடுகளும் உங்கள் விலையை என்ன செய்யும் என்று பார்ப்போம். முழுத் தடை வந்தால் கணக்கே வேண்டாம், கொழும்புக்கும் மலேசியாவுக்கும் கதவு மூடியாச்சு. குறைந்தபட்ச விலை, பெரிய வெங்காயத்தை நினைத்து வைப்பது. 800 டாலர் என்பது அன்றைய மதிப்பில் கிலோ 67 ரூபாய் அளவு. சின்ன வெங்காயம் அதற்குமேல் விற்கும் காலத்தில் அது உங்களைத் தொடாது, கீழே இருந்தால் தடைக்குச் சமம். வரிதான் ஏமாற்றும்.

கொழும்பு வியாபாரி தூத்துக்குடியில் கப்பலேற்றிய விலையாகக் கிலோவுக்கு 70 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்ந்து தரம் பிரிக்க, மூட்டை போட, லாரி, துறைமுகச் செலவு, ஏற்றுமதியாளர் லாபம் எல்லாம் சேர்த்து 16 ரூபாய். உங்களுக்கு 54 தரலாம். இப்போது 40% வரி. அது உங்கள் 54-க்கு மட்டுமல்ல, முழு 70-க்கும் கணக்காகும், அதாவது 28 ரூபாய். லாரி வாடகையும் கூலியும் வரிக்காகக் குறையாது, அந்த 16 அப்படியே நிற்கும். மிஞ்சுவது 26. துறைமுகத்தில் 40% என்று எழுதிய வரி, உங்கள் வரப்புக்கு வரும்போது 52% ஆகிவிட்டது. 26 ரூபாய்க்கு யாரும் கொடுக்கப் போவதில்லை. சரக்கெல்லாம் உள்ளூர் மண்டிக்கே திரும்பும், அங்கே 45 இருந்தது இறங்கும்.

கொழும்பு வியாபாரி அந்த 28-ல் ஒரு பங்கைச் சுமக்கமாட்டாரா? கொஞ்சம் சுமப்பார். இந்தியா பெரிய ஏற்றுமதி நாடு, நம் சரக்கு நின்றால் அங்கே விலை ஏறத்தான் செய்யும். ஆனால் வரி யார் பெயரில் விழுந்தாலும், கடைசியில் காத்திருக்க முடியாதவர் தலையில்தான் அதிகம் இறங்கும். அவர் பாகிஸ்தான் பெரிய வெங்காயம் வாங்கலாம், யாழ்ப்பாணத்து அறுவடைக்குக் காத்திருக்கலாம். உங்கள் பட்டறை காத்திருக்காது. போதாக்குறைக்கு, இலங்கை அரசும் தன் விவசாயிகளைக் காப்பாற்ற இறக்குமதி வெங்காயத்துக்குத் தனியாக ஒரு வரி வைத்திருக்கிறது. இங்கே விலை ஏறினால் நம் அரசு தடுக்கும், அங்கே விலை இறங்கினால் அவர்கள் அரசு தடுக்கும்.

நகரத்தில் கிலோ 80 கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கும் கஷ்டம் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான செலவை அரசு தன் பெட்டியிலிருந்து எடுக்காமல் விவசாயியின் பையிலிருந்து எடுக்கும் வழி இது. அதிலும் தடையைவிட வரி பரவாயில்லை. வரியில் வழி அடைபடுவதில்லை, வாங்குபவர் தொடர்பாவது மிஞ்சும்.

உங்கள் முடிவுக்கு வருகிறேன். இன்று விற்றால் கையில் 39. இரண்டு மாதத்தில் எடை இறங்கியும் அழுகியும் 15% போனால், கையில் 46 நின்றால்தான் இன்றைய 39-க்குச் சமம். அதாவது உத்தரவு எதுவும் வராமலேயே விலை ஏழு ரூபாய் ஏறவேண்டும். ஏறக்கூடும், புரட்டாசி மழையில் ஏறியும் இருக்கிறது. அந்த வாய்ப்புக்காக ஒரு பாதியை வைத்திருக்கலாம், முழுவதையும் வைக்கக்கூடாது. கடன் தவணை இருந்தால் அந்த அளவுக்குக் கூடுதலாகவே விற்றுவிடுங்கள். தரகரிடம் 38 சொல்லுங்கள். வரவில்லையென்றால் வண்டி பிடித்து மண்டிக்கே போங்கள்.

வைத்திருக்கும் பாதிக்கு, நாசிக் பக்கம் லாசல்கான் சந்தை விலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். செல்போனிலேயே கிடைக்கும். மத்திய அரசு கையிருப்பு வெங்காயத்தை நகரங்களில் மலிவு விலைக்கு இறக்கத் தொடங்கியது என்ற செய்தி வந்தால், டெல்லிக்குக் கவலை வந்துவிட்டது என்று பொருள். 2023-ல் வரியும் தடையும் அந்த வேலையோடு சேர்ந்தேதான் வந்தன. அப்போது மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். தடை வந்ததா இல்லையா என்பதைத் தரகர் வாயால் கேட்காதீர்கள். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் அறிவிக்கை வரும். அதன் மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. வரியாக இருந்தால் நிதி அமைச்சகத்தின் அறிவிக்கையில் பாருங்கள்.

ஏற்றுமதியாளரிடம் நேரடியாகக் கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். வரி விகிதம் பேசிய நாளைப் பொறுத்தது அல்ல, லாரி கிளம்பிய நாளையும் பொறுத்தது அல்ல. சுங்க அதிகாரி 'ஏற்றலாம்' என்று உத்தரவு கொடுக்கும் நாளில் என்ன வரியோ அதுதான். இடையில் வரி ஏறினால் யார் பொறுப்பு என்று முன்பே பேசவில்லையென்றால், பாக்கிப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் விலை தோட்டத்திலேயே முடிவு, எடை போட்டதும் பணம், அதற்குப் பிறகு வரும் வரியும் தடையும் வாங்கியவர் பாடு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் அதற்காகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டால் கொடுத்துவிடலாம்.