வெள்ளை அட்டை எங்கே வாழ்கிறது? மண்ணைத் தின்று எப்படிப் பிழைக்கிறது?

கடல் அட்டை எந்த மாதிரி இடத்தில் வாழும், வெறும் மண்ணைத் தின்று எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடல் அட்டைகளில் 1,500-க்கும் அதிகமான இனங்கள் உண்டு, ஆழ்கடல் அடித்தளத்தில் வாழ்பவையும் அவற்றில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொன்னால் எதைப் பற்றியும் சொன்னதாக ஆகாது. அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வெள்ளை அட்டை. அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்காப்ரா. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் சேர்ந்த முட்தோலிக் கூட்டத்தில் இதுவும் ஒன்று.

செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி, மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா வழியாக, மேற்குப் பசிபிக் தீவுகள் வரை இது பரவியிருக்கிறது. அலை அடங்கிய, சேறு கலந்த மணல் தரைதான் இதற்குப் பிடிக்கும். ஆழம் பெரும்பாலும் 10 மீட்டருக்குள். தண்ணீரில் உப்பு கொஞ்ச காலம் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்புல் வேண்டும். ஏன் என்பதுதான் இந்த உயிரின் கதையே.

பெண் அட்டை ஒரே முறையில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை விடக்கூடியது. பொரிந்து வரும் இளவுயிரி, கண்ணாடி போன்ற உடலோடு நீரில் மிதந்து நுண்பாசிகளைத் தின்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உருமாறி, உட்கார இடம் தேடும். அது தேடுவது மணலை அல்ல, கடற்புல்லின் இலையை. இலைமேல் படிந்திருக்கும் பாக்டீரியா, டயாட்டம் (ஒரு வகை நுண்பாசி) படலம்தான் அதற்கு உணவு. நான்கைந்து வாரம் இலையிலேயே வளர்ந்து, சுமார் 6 மில்லிமீட்டர் ஆனதும் மணலுக்கு இறங்குகிறது. அதாவது குழந்தைப் பருவம் இலையில், மீதி வாழ்க்கை தரையில். கடற்புல் அழிந்த இடத்தில் இந்த முதல் படியே இல்லாமல் போகிறது. பெரிய அட்டைகளைப் பிடிக்காமல் விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

மணலுக்கு வந்த சிறிய அட்டைகள் விடியும் நேரத்தில் புதைந்து, பொழுது சாயும்போது மேலே வரும். பெரியவை இவ்வளவு கண்டிப்பாக நேரம் பார்ப்பதில்லை, தண்ணீரின் வெப்பம் மாறுவதற்கு ஏற்பப் புதைவதும் எழுவதுமாக இருக்கும். அதனால் ஓரிடத்தில் பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் அங்கே அட்டையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி சாப்பாடு. வாயைச் சுற்றி உள்ள குட்டையான உணர்கொம்புகளால் மணலை வாரி விழுங்குகிறது. மண் அதற்கு உணவல்ல. மணல்துகள்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய இலைத்தூள் ஆகியவற்றைச் செரித்துவிட்டு மீதி மணலை அப்படியே வெளியே தள்ளுகிறது. வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடல் தரையில் செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை. புதைவதாலும் கிளறுவதாலும் தரைக்குள் ஆக்சிஜன் இறங்குகிறது. கழிவிலிருக்கும் அமோனியா கடற்புல்லுக்கு உரமாகிறது. ஃபிஜியில் ஒரு பகுதியிலிருந்து வெள்ளை அட்டைகளை அகற்றிப் பார்த்தபோது, மணலுக்குள் ஆக்சிஜன் இறங்கும் ஆழம் குறைந்தது. குஞ்சாக இருந்தபோது இலை கொடுத்த புல்லுக்குப் பெரிதான பின் இது மண்ணைப் பதப்படுத்திக் கொடுக்கிறது. எனக்கு இந்த அட்டையைப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

உடலமைப்பில் வியப்பு நிறைய. மூளை கிடையாது, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம் மட்டும். மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக, உள்ளே மரக்கிளை போலப் பிரிந்த சுவாச உறுப்புக்குள் நீரை இழுத்து. எதிரியைக் கண்டால் ஒட்டும் நூலைப் பீய்ச்சும் என்று பலர் எழுதுகிறார்கள். அது நூல் அட்டை போன்ற சில இனங்களின் பழக்கம், வெள்ளை அட்டைக்கு அந்த நூல்கள் இல்லவே இல்லை.

இனப்பெருக்கத்தில்தான் இதன் பலவீனம் இருக்கிறது. ஆண், பெண் தனித்தனி, ஆனால் வெளியே பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. ஆண் முதலில் உடலின் முன்பாதியை நிமிர்த்தி, மெல்ல ஆடியபடி விந்தை நீரில் விடும்; அதை உணர்ந்து பக்கத்துப் பெண்கள் முட்டை விடும். எல்லாம் திறந்த நீரில் நடப்பதால் இரண்டும் அருகருகே இருந்தால்தான் கரு உருவாகும். நிறையப் பிடித்துவிட்டுச் சிலதை விட்டுவைத்தால், அந்தச் சில உயிரோடு இருக்கும், முட்டையும் விடும், குஞ்சு மட்டும் வராது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அருகி வரும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் 2001-லிருந்து கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

பொரிப்பகத்தில் வளர்க்க முடியுமா என்றால், முடியும். 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தின் குஞ்சுகளை உருவாக்கிக் காட்டியது. நீரின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தினாலே முட்டை விடத் தூண்ட முடிகிறது. அதன் பிறகு அந்தக் குஞ்சுகளை எங்கே விடுவது என்று கேட்டால், மறுபடியும் கடற்புல் உள்ள, அலை அடங்கிய மணல் தரைதான் விடை.

ஒரு வேண்டுகோள்: நீர் வற்றும் நேரத்தில் இதைப் பார்க்க நேர்ந்தால் எடுத்து அழுத்தாதீர்கள். மிரண்டால் குடலையே வெளியே தள்ளிவிடும். திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அது வளரும் வரை அதனால் இரை எடுக்க முடியாது.