காரின் கூரையும் ஆன்டெனாதான்

கேள்வி: என் பழைய காரில் முக்கால் மீட்டர் நீளக் கம்பி ஏரியல் இருந்தது. புதுக் காரில் கூரைமேல் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு சின்ன மேடுதான். இனி கார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்கிறார்களே, அதற்கு இந்தத் துளி இடம் போதுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஆன்டெனாவுக்குத் தாராளமாகப் போதும். அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். எஃப்.எம்.முக்கு, 100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அலைநீளம் 3 மீட்டர். கால் பங்கு 75 செ.மீ. உங்கள் பழைய கம்பி அந்தக் கணக்குதான். கார்கள் பேசிக்கொள்ள அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒதுக்கியிருப்பது 5.9 கிகாஹெர்ட்ஸ். அங்கே அலைநீளமே சுமார் 5 செ.மீ., கால் பங்கு 13 மி.மீ.கூட வராது. ஜப்பான் 760 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டது. கட்டட மூலையில் அந்த அலை நன்றாக வளைந்து போகும், ஆனால் கால் பங்கு 10 செ.மீ. ஆகிவிடும்.

சிக்கல் துடுப்புக்குள் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. இந்த மாதிரி ஆன்டெனாவில் நிற்கும் கம்பி பாதிதான், கூரைத் தகடு முகம் பார்க்கும் கண்ணாடி போல அதைப் பிரதிபலித்து மறுபாதியாகிறது. தகடு முடிவில்லாமல் விரிந்திருந்தால் அலை கிடைமட்டமாகவே நன்றாகப் போகும். காரின் கூரையோ சிறியது, ஓரத்தில் வளைந்து இறங்குவது, அதனால் அலை கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்கிறது. ஜி.பி.எஸ்.ஸுக்கு அது நல்லது, செயற்கைக்கோள் மேலேதானே இருக்கிறது! எதிரே வரும் காருக்கு அது ஆகாது. கூரையில் பாதி, தகட்டுக்குப் பதில் சன்னல் கண்ணாடி என்றால் இன்னும் கஷ்டம், முன்பக்கம் சிக்னல் மெலிந்துவிடலாம். அதனால்தான் ஆன்டெனாவைத் தனியாக அளந்து பார்த்தால் போதாது, முழுக் காரையும் சுழல்மேடையில் ஏற்றித் திருப்பித் திருப்பி அளக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

அப்புறம் கேபிள். 5.9 கிகாஹெர்ட்ஸில் மெல்லிய கேபிள் ஓரிரண்டு மீட்டரிலேயே பாதி சக்தியை விழுங்கிவிடும். ஆகவே அலையை அனுப்பி வாங்கும் ரேடியோ பெட்டியைத் துடுப்புக்குப் பக்கத்திலேயே வைப்பது நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அழகுக்காகத் துடுப்பின்மேல் குரோம் உறையோ கார்பன் ஃபைபர் மூடியோ போடாதீர்கள். இரண்டிலும் மின்சாரம் பாயும் என்பதால் அலையை மறைத்துவிடும். வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும்.